மருந்து தொடாத மாமா

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு,

நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். மீன் சந்தை ஈக்கள் இனிமேல் நம் மருந்துக்குச் சாகப்போவதில்லை என்று போன வருஷமே சுகாதார அதிகாரியின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். அவர் சிரித்தார். இப்போது அவருடைய சட்டைக் காலரில் உட்கார்ந்து ஈ சிரிக்கிறது. பத்தொன்பது வருஷமாக இந்த நகராட்சியின் மருந்தடிக்கும் படைக்கு நான் தளபதி. சம்பளச் சீட்டில் மேஸ்திரி என்று போட்டிருக்கும். அது எழுதியவரின் அறியாமை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கோபத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் பத்திரமாக இருக்கிறது. உன் அம்மா வீட்டில், சாப்பாட்டு மேஜையில், அத்தனை உறவுக்காரர்களுக்கு நடுவில், "மாமா சொல்றதுல பாதியைக் கழிச்சிடுங்க, மிச்சத்தையும் பாதியா எடுத்துக்கங்க" என்று நீ சொன்னாயே, அன்றைக்குக் கை கழுவிக்கொண்டு எழுந்து வந்தவன் நான். கொசுவின் ரீங்காரத்தைக் கேட்டே ஆணா பெண்ணா என்று சொல்வேன் என்றேன். அதில் என்ன குற்றம் கண்டாய்? போனில் உன்னோடு பேசுவதாக இல்லை. போனில் நீ குறுக்கே விழுவாய். காகிதத்தில் நான் முடிக்கிற வரை நீ வாயைத் திறக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். முன்பெல்லாம் இந்த மருந்து பட்டால் ஈ ஒரு நாடகமே நடத்தும். முதலில் காலை உதறும். பிறகு இறக்கை தானாக அடித்துக்கொள்ளும். மல்லாந்து விழுந்து தரையில் சக்கரமாகச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். இப்போது சுற்றுகிற வரைக்கும்தான் மருந்தின் அதிகாரம். அப்புறம் பகல் தூக்கம் போட்டு எழுந்தவன் மாதிரி காலைத் தேய்த்துக்கொண்டு, நேராகப் போய் மீன்காரம்மாவின் தராசில் உட்கார்ந்துகொள்கிறது. சாக்கடை ஓரத்துக் கொசுக்களும் இதே கதைதான். கலவையைக் கொஞ்சம் கெட்டியாக்கினேன். கேட்கவில்லை. இன்னும் கெட்டியாக்கியிருக்கிறேன்.

கலவையைச் சோதிக்க எனக்கு அளவுக் குவளை தேவையில்லை என்பது உனக்குத் தெரியும். பீப்பாய் மூடியைத் திறந்து மூக்கால் ஒரு இழுப்பு. விரலில் தொட்டு ஒரு தேய்ப்பு. சொட்டுக் கணக்குச் சொல்லிவிடுவேன். இதைப் பார்ப்பதற்காகவே கிடங்குக்காரர் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்.

உன் ஆராய்ச்சிக்கூடத்தில் ஈயும் கொசுவும்தான் உனக்குப் பிள்ளைகுட்டி என்று அக்கா சொல்கிறாள். கேட்கிறேன், இந்த மருந்து பூச்சிக்குள்ளே போய் அப்படி என்னதான் செய்கிறது? இதயத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்று என் ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே? தீப்பெட்டியில் சந்தை ஈக்கள் சிலவற்றை வைத்திருக்கிறேன். உள்ளே போட்டபோது எல்லாம் உயிரோடுதான் இருந்தன.

கோபத்துடன்,
மாமா


ஜூன் 15

மாமாவுக்கு,

தீப்பெட்டி வந்து சேர்ந்தது. தபால் அலுவலகத்தில் அதன் தலையில் முத்திரை குத்தியிருக்கிறார்கள். உங்கள் ஈக்கள் இப்போது மிளகுத்தூள்.

மேஜையில் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை. அதைத் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்பது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். அதற்காக, நான் கூப்பிடும்போதெல்லாம் போனை அத்தையிடம் நீட்டிவிட்டு நீங்கள் பின்னால் நின்று இருமுவது நன்றாக இல்லை.

இதயம் இல்லை, மாமா. நரம்பு. ஒரு நரம்பு அடுத்த நரம்பைத் தொடுவதில்லை. நடுவில் மிகச் சின்ன இடைவெளி இருக்கிறது. சேதி சொல்ல வேண்டிய நரம்பு அந்த இடைவெளியில் ஒரு ரசாயனத்தைத் துளியாக விடுகிறது. அடுத்த நரம்பு அதை வாங்கிக்கொண்டு துடிக்கிறது. சேதி முடிந்ததும் அந்த ரசாயனத்தை உடனே உடைத்துப்போட அங்கேயே ஒரு நொதி காத்திருக்கிறது. நீங்கள் டிவியில் கேட்கும் என்சைம்தான். இந்த நொதியின் வேகம் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கண் இமைப்பதற்குள் அது ஆயிரத்துக்கு மேல் உடைத்துத் தள்ளியிருக்கும். உங்கள் மருந்து அந்த நொதியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அவ்வளவுதான் அது செய்வது. நொதி அசைய முடியாமல் போகிறது. சொன்ன சேதி அழியாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாசலில் அழைப்பு மணியை யாரோ அமுக்கினார்கள், போய்விட்டார்கள், பொத்தான் மட்டும் உள்ளேயே சிக்கிக்கொண்டது. மணி நிற்கவில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் கதவுக்கும் அறைக்குமாக ஓடி ஓடிக் கடைசியில் விழுகிறார்கள். ஈ சக்கரமாகச் சுற்றுவது அதுதான்.

உங்கள் சந்தையில் சாகாத ஈக்களுக்கு அந்த நொதியின் வடிவம் இம்மியளவு மாறியிருக்கலாம். மருந்து உட்காரும் இடம் வழுக்குகிறது. எங்கள் கூண்டுகளிலும் அப்படி ஒரு கொசு வம்சம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் என் ஆராய்ச்சியே.

இனி எழுதப்போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அதே நொதி நம் உடம்பிலும் இருக்கிறது. ஈக்கு அது மூளையிலும் மார்புக்குள் இருக்கும் நரம்பு முடிச்சிலும் முக்கியம். நமக்குத் தசையில், கண்ணில், எச்சில் சுரக்கும் இடத்தில், நுரையீரலில், எல்லா இடத்திலும் வேண்டும். நீங்கள் பீப்பாயை முகர்ந்து பார்க்கிறீர்கள். விரலால் தேய்த்துப் பார்க்கிறீர்கள். கலவையைக் கெட்டியாக்கிக்கொண்டே போகிறீர்கள். கையுறை போடுகிறீர்களா? மருந்தடிப்பவர்களின் ரத்தத்தில் அந்த நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை, வேலை நடக்கும்போது மாதம் ஒரு முறை எடுக்க வேண்டும். உங்களுக்கு எடுத்தார்களா? முதல் அளவில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று எனக்கு எழுதுங்கள்.

மருமகள்


ஜூலை 1

மருமகளுக்கு,

உன் கடிதத்தை என் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். அங்கங்கே என் அனுபவத்தையும் கலந்துகொண்டேன். அழைப்பு மணி விஷயத்தை நான் கண்டுபிடித்ததாகவே சொல்லிவிட்டேன். மருமகள் சொன்னாள் என்றால் சின்னப் பெண் பேச்சு என்று காது கொடுக்க மாட்டார்கள். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். எங்கள் படையில் பெருமூச்சு என்று ஒருவர் உண்டு, எந்த வேலைக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று விடுவார். அவர் மட்டும், "அப்ப அந்த மணி நம்ம உடம்புலயும் இருக்கும்ல மேஸ்திரி?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் நமக்கு இருப்பது பெரிய மணி, ஈக்கு வைத்த மருந்துக்கு அசையாது என்று சொல்லி உட்காரவைத்தேன்.

கையுறை உண்டு. மேலிடத்திலிருந்து படம் எடுக்க வரும்போது போட்டுக்கொள்வோம். கையுறை போட்ட விரலால் கலவையை எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணைக் கட்டிக்கொண்டு பெண் பார்க்கிற மாதிரி.

வீட்டில்தான் ஒரே எரிச்சல். முன்னறை பல்பு மங்கிவிட்டது. புதிதாக மாற்றினேன். அதுவும் மங்கல். கடைக்காரனிடம் சண்டை போட்டு இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் அப்படியே. மின்சார ஆபீஸில் புகார் கொடுத்தேன். ஆள் வந்தான், மீட்டரைத் தட்டிப் பார்த்தான், பல்பை அண்ணாந்து பார்த்தான், என்னையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான். உன் அத்தைக்கு அந்த வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோக்க முடிகிறதாம். அவள் சிக்கனக்காரி, எதையும் போதும் என்பாள். சந்தையிலும் நடுப்பகலில் சாயங்காலம் மாதிரி இருக்கிறது. தார்ப்பாயை மாற்றியிருப்பார்கள். மற்றபடி உடம்பு கல்லு மாதிரி. கொஞ்சம் வேர்க்கிறது, வெயில். கொஞ்சம் எச்சில் ஊறுகிறது, உன் அத்தையின் சமையல். வயிறு ஒரு நாள் முறுக்கும், ஒரு நாள் விடும், அதற்கும் அதே காரணம்தான், ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடாதே.

ரத்தப் பரிசோதனை கேட்டாயே. போன வாரம் கிடங்கு வளாகத்தில் முகாம் போட்டார்கள். மேஜை, நாற்காலி, டோக்கன், வரிசை எல்லாம் அமர்க்களம். மழைக்கு முன் இருந்ததில் எனக்கு எத்தனை மிச்சம் தெரியுமா? தொண்ணூற்று நாலு சதவீதம். ரத்தம் எடுத்த அம்மா முடிவைப் பார்த்துவிட்டுப் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த வேலையில இருந்துகிட்டு இப்படி ஒரு ரத்தத்தை நான் பார்த்ததே இல்ல" என்றார். சுகாதார அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. மருந்து உட்காரும் இடம் வழுக்குகிறது என்று எழுதியிருக்கிறாய். பத்தொன்பது வருஷமாக முகர்ந்து, தேய்த்து, குளித்து எழுந்தவன் நான். அந்த ஈக்கு வழுக்கினால் எனக்கு ஏன் வழுக்காது? என் நொதியும் பழகிவிட்டது. மருந்து வரும், பார்க்கும், உட்கார இடமில்லாமல் போய்விடும். மனிதர்களில் இது முதல் தடவையாக இருக்கலாம். உன் ஆராய்ச்சியில் என்னைச் சேர்த்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மாமா


ஜூலை 12

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் பாதிதான் படித்தேன். பல்பு வரைக்கும். உடனே உங்கள் சுகாதார அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்களைச் சந்தையிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் உடனே தள்ளி வைக்க வேண்டும், தாமதித்தால் ஆபத்து என்று. உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். தொண்ணூற்று நாலு. உறையைக் கிழித்துப் போட்டேன்.

அதிலிருந்து எனக்கு நிம்மதியும் இல்லை, சந்தேகமும் தீரவில்லை. கண்ணின் பாவையைச் சுருக்குவதும் அதே ரசாயனம்தான். நொதி முடங்கினால் பாவை சுருங்கியே நிற்கும். உள்ளே போகும் வெளிச்சம் குறையும். உலகத்துக்கு ஒரு பல்பு போதுமானதாக இருக்கும்போது உங்களுக்கு மட்டும் மங்கும். வேர்வையும் எச்சிலும் வயிறும் அந்தப் பட்டியலில்தான் வரும், அத்தையின் சமையலில் இல்லை. ஆனால் நொதி கிட்டத்தட்ட முழுதாக இருக்கிறது என்று உங்கள் ரத்தம் சொல்கிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். எண்ணை நம்பித்தான் எனக்குப் பழக்கம்.

உங்கள் கண்டுபிடிப்பைப் பற்றி. எந்த ஈயும் தன் ஆயுளில் மருந்துக்குப் பழகிக்கொள்வதில்லை. லட்சம் ஈக்களில் ஒன்றிரண்டு பிறக்கும்போதே அந்த மாறிய நொதியோடு பிறக்கின்றன. நீங்கள் மருந்தடிக்கிறீர்கள். மற்றவை சாகின்றன. மிஞ்சிய ஒன்றிரண்டு முட்டையிடுகின்றன. நீங்கள் மறுபடி அடிக்கிறீர்கள். இப்படிப் பல தலைமுறை. சந்தையில் இப்போது பறப்பது பழகிக்கொண்ட ஈ இல்லை, செத்தவற்றின் இடத்துக்கு வந்த ஈ. அதற்கும் அது இலவசமாகக் கிடைக்கவில்லை. எங்கள் கூண்டில் அந்த வம்சத்தின் நொதி கொஞ்சம் மந்தமாகத்தான் வேலை செய்கிறது. மருந்தே இல்லாத கூண்டில் சாதாரணக் கொசுக்களோடு விட்டால் சில தலைமுறையில் காணாமல் போய்விடுகிறது. உங்களுக்கு அப்படி ஒன்று வாய்க்க வேண்டுமானால் உங்களுக்கு முன்னால் ஒரு ஊரே செத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும், ஒரு நாள் முழுக்க நான் வேறு மாதிரி யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. பிறவியிலேயே உங்களுக்கு ஏதாவது இருக்குமோ என்று. எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உங்க மாமாவை ரத்தம் அனுப்பச் சொல்லு" என்றார். அந்த நாள் முழுக்க நீங்கள் சொன்னது நிஜமாக இருந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. உங்கள் கதை ஒன்று நிஜமாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை.

இரண்டே கேள்வி. கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பாருங்கள். நடுவிலிருக்கும் கறுப்புப் பொட்டு எவ்வளவு பெரிது? மருந்தடிக்காத நாட்களில் பல்பு எப்படி எரிகிறது? அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள், மாமா.

மருமகள்


ஜூலை 24

மருமகளுக்கு,

நீ கேட்ட மாதிரி அலங்காரம் இல்லாமலே எழுதுகிறேன்.

கண்ணாடியில் பார்த்தேன். பொட்டு குண்டூசித் தலையை விடச் சின்னது. தூரத்தில் போகிற ஈயின் காலை எண்ணும் கண்ணுக்கு அவ்வளவு போதும். கழுகுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பல்பு விஷயத்தில் ஒரு வேடிக்கை. சந்தைக் கூரையைச் சரி செய்வதற்காக ஒரு வாரம் மூடியிருந்தார்கள். நான் வீட்டில் படுத்துக்கிடந்தேன். அந்த வாரக் கடைசியில் பல்பு பிரமாதமாக எரிந்தது. நான் வீட்டில் இருக்கிறேன் என்று தெரிந்தால் மின்சார ஆபீஸ்காரர்களுக்குப் பயம். சந்தை திறந்தது, நான் வேலைக்குப் போனேன், பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

பேராசிரியர் கேட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் ரத்தத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. ஈக்களின் கதி உனக்கே தெரியும்.

என் விஷயம் இங்கே ஊரெல்லாம் பரவிவிட்டது. நானாகப் பரப்பவில்லை. டீக்கடையில் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். கிடங்குக்காரர் என்னை இரும்பு என்று கூப்பிடுகிறார். முந்தாநாள் பக்கத்து வட்டாரப் படை வந்திருந்தது. அவர்களுடைய மேஸ்திரிக்கு என் மேல் எப்போதும் ஒரு கண். கையுறை, முகமூடி, கண்ணாடி என்று கல்யாணப் பெண் மாதிரி ஜோடித்துக்கொண்டு நின்றான். நான் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினேன். பீப்பாய்க்குள் கையை விட்டுக் கலக்கினேன். அப்படியே நடந்து போய் மீன் வெட்டும் கல் வரிசை முழுவதும் அடித்து முடித்தேன். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. பெருமூச்சு கூட விடவில்லை. "மேஸ்திரி, வேணாம், நம்ம ரத்தம் எல்லாம் ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னார். என் ரத்தத்தின் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்?

ராத்திரி கொஞ்சம் இமை துடித்தது. கை விரலும், அதுவாகவே. உன் அத்தை பிடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் பெரிய சாக்கடை. அடுத்த மழை வருவதற்குள் முடித்தாக வேண்டும். கலவையை நானே போடுகிறேன்.

மாமா


ஆகஸ்ட் 2

மாமா,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று மதியம் வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. அத்தை ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் இருந்தாராம். மறுநாள்தான் பேசினேன். சாக்கடை ஓரத்தில் நீங்கள் மண்டியிட்டு உட்கார்ந்ததையும், வாயில் நுரை தள்ளியதையும், பெருமூச்சு என்று நீங்கள் எழுதுவீர்களே, அவர் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் சட்டையைக் கிழித்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏற்றினார் என்பதையும் அத்தை சொன்னார். உயிரோடு இருப்பது அந்தக் குளியலால் என்று டாக்டர் சொன்னாராம். குளிப்பாட்ட வேண்டும் என்று பெருமூச்சுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். என்னுடைய முதல் கடிதத்தை நீங்கள் வாசித்துக் காட்டியபோது அவர் கவனமாகக் கேட்டிருக்கிறார்.

உங்களுக்கு ஊசியில் ஏற்றியது என்னவென்று தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். அது நொதியைச் சரிசெய்யாது. சேதி வாங்கும் இடத்தை அடைத்து வைக்கும். மணி அடித்துக்கொண்டுதான் இருக்கும், வீட்டில் இருப்பவர்களின் காதில் பஞ்சு. அதற்குள் உடம்பு புது நொதியைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தப் பீப்பாயின் திசைக்கே நீங்கள் போகக்கூடாது. அதற்குப் பிறகும்தான்.

நான் வர முடியவில்லை. விடுப்பும் பணமும் இல்லை என்று அத்தையிடம் சொன்னேன், அது உண்மை. வந்தால் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை, அதுவும் உண்மை. வழுக்கும் நொதியைப் பற்றி உங்களுக்கு எழுதியவள் நான். ஒட்டிய உறையைக் கிழித்தவளும் நான்.

அந்த எண்ணைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எங்கள் ஆராய்ச்சிக்கூடத்திலும் கொசுக்களுக்கு மருந்து வைத்துப் பார்க்கும் மருந்தறைக்குள் போகிறவர்களுக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்கிறார்கள். எண் நன்றாக இருந்தால் உள்ளே போகலாம். இந்த மாதம் என் எண் நன்றாகத்தான் இருக்கிறது. உங்களுடையதும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வாரமாக நான் உள்ளே போகவில்லை. கூட வேலை செய்கிறவர்களையும் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கொசுக்கள் முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன, எடுத்துப் பிரிக்க ஆள் இல்லை. இரண்டு வருஷத்து வம்சம் கலந்துபோகும். பேராசிரியர் காரணம் கேட்டார். தொண்ணூற்று நாலு சதவீதம் மிச்சமிருந்த ஒரு மனிதர் விழுந்துவிட்டார், ஆகவே இந்த அளவை நான் நம்பத் தயாரில்லை என்று சொன்னேன்.

ஒரு வழிதான் தெரிகிறது. உங்கள் முகாமில் தவறு நடந்திருக்க வேண்டும். ரத்தம் எடுத்தவர் குழாய்களை மாற்றியிருக்கலாம், அல்லது வெயிலில் வைத்திருக்கலாம். அவர் பெயரையும் நாளையும் எழுதுங்கள். சுகாதாரத் துறைக்குப் புகார் கொடுக்கப்போகிறேன். உங்கள் படையில் இருக்கும் அத்தனை பேரின் எண்ணும் தப்பாக இருக்கலாம். இது அவர்களுடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மருமகள்


ஆகஸ்ட் 20

அன்புள்ள மருமகளுக்கு,

எழுத்து பெரிது பெரிதாக இருப்பதற்குக் காரணம் கை நடுக்கம் இல்லை. கண் இன்னும் முழுசாக வசத்துக்கு வரவில்லை. அந்த ஊசி மருந்து கறுப்புப் பொட்டை ரூபாய்க் காசு அளவுக்குத் திறந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலில் வெயில் வந்தபோது சூரியனே கட்டில்மேல் ஏறிப் படுத்த மாதிரி இருந்தது. என்னைப் பார்க்க எட்டு டாக்டர்கள் வந்தார்கள். இரண்டு பேர் என்கிறாள் உன் அத்தை. மீதி ஆறு பேர் அவள் காபி வாங்கப் போனபோது வந்தவர்கள். நாக்கு காய்ந்து அட்டையாகிவிட்டது. நாலு நாள் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. உன் அத்தை அந்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஊசியைப் பற்றி நினைவே இல்லை. மயக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த வகையில் மரியாதை மிஞ்சியது.

பெருமூச்சு தினமும் சாயங்காலம் வருகிறார். வந்து உட்கார்ந்து ஒன்று விடுவார், எழுந்திருக்கும்போது ஒன்று. நேற்று நானாகக் கேட்டேன், சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும் என்று எப்படித் தெரிந்தது என்று. "தோல் வழியா போகும்னு நீங்கதானே மேஸ்திரி வாசிச்சீங்க" என்றார். நான் வாசித்தது எனக்கு நினைவில்லை. நீ அப்படி எழுதியிருந்தாயா என்று தேடினேன். கையுறை போடுகிறீர்களா என்றுதான் கேட்டிருக்கிறாய். அதிலிருந்து அவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

மருந்தடிக்கும் வண்டியை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான்தான் அவரைச் சிபாரிசு செய்தேன் என்று வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுகாதார அதிகாரி என்னை வீடு வீடாகப் போகச் சொல்லியிருக்கிறார், அடுத்த மாதத்திலிருந்து. தேங்கின தண்ணீரைப் பார்த்தால் கவிழ்க்க வேண்டும். பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத பீப்பாய். கொசு புழுவாக இருக்கும்போதே தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதற்கு எந்த வடிவத்தில் நொதி இருந்தாலும் தரையில் காய்ந்துதான் போக வேண்டும் என்றார். இதை நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன்.

உன் கடிதத்தை உன் அத்தைதான் படித்துக் காட்டினாள். படித்து முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணு வேலைக்குப் போகாம உக்காந்திருக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் இந்தக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். நீ புகார் எழுதிவிடுவாயோ என்று இருக்கிறது. நான் போனில் பேச மாட்டேன் என்று சொன்னவன், இல்லையென்றால் கூப்பிட்டே சொல்லியிருப்பேன். கூப்பிட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.

நீ மருந்தறைக்குள் போ. உன் எண் நன்றாக இருக்கிறது என்றால் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அளவில் எந்தப் பிழையும் இல்லை. உன் ஆட்களிடமும் சொல். பேராசிரியரிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதை நீயே சொல்லிக்கொள், மாமா ஒரு மாதிரி என்று சொன்னாலும் பரவாயில்லை.

முகாம் நடந்தது நிஜம். மேஜை, நாற்காலி, வரிசை எல்லாம் நிஜம். என் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அம்மா ஊசியைப் பிரித்தார். சின்ன வயசிலிருந்தே எனக்கு ஊசி என்றால் பயம், உன் அம்மாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தவன் பின்பக்கக் கதவு வழியாகக் கம்பி நீட்டிவிட்டேன். மழைக்கு முன்னால் எடுத்ததற்கும் போகவில்லை. டோக்கன் வாங்கிய பேரெல்லாம் ரத்தம் கொடுத்த பேர் என்று ஆபீஸில் எழுதிக்கொண்டார்கள். உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தபோது அந்த டோக்கன் சட்டைப்பையில் இருந்தது. அதில் இருந்த எண்தான் தொண்ணூற்று நாலு.

அந்த அம்மாவின் மேல் புகார் கொடுக்காதே. அவர் என் கையைத் தொடவே இல்லை.

மாமா